மருவை வைத்து மனைவியை எடைபோடலாமா?



பிறப்புறுப்பில் மரு வந்தால் எமது பெண்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை. சுண்ணாம்பு தடவிப் பார்ப்பார்கள், நகத்தால் கிள்ளுவார்கள். கல்முனைப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகச் செல்லும்போது நான் காண்பது இது. வெட்கம் ஒருபுறமிருக்க, கணவர் கண்டால் என்ன நினைப்பாரோ என்ற பயம்தான் பெரிது. அந்தப் பயம் வீணானதும் அல்ல. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவர், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுச் சண்டை பிடித்துவிட்டு, உடுப்புகளை எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். விடயம் காதி நீதிமன்றம் வரை போகப் பார்த்தது.

எங்கிருந்து வந்தது என்று மருவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பாலுறவு மருக்களில் சுமார் 90 வீதம் 6, 11 என்ற இரு வகைகளால் வருகின்றன. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் சுமார் 70 வீதம் 16, 18 என்ற வேறு வகைகளால் வருகிறது. ஆகவே மரு வந்தவளுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று அழத் தேவையில்லை.

உறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இது தொற்றுகிறது. கொண்டம் அபாயத்தைக் குறைக்கும், ஆனால் மூடாத இடத்தில் வைரஸ் இருந்தால் முழுதாகத் தடுக்காது. தொற்றியவருக்குப் பெரும்பாலும் எந்த அடையாளமும் இருக்காது. மரு வெளிப்படச் சில வாரங்களோ மாதங்களோ, சிலவேளை வருடங்களோ ஆகலாம். கணவர் கலியாணத்துக்கு முன்பே, தானும் அறியாமல் சுமந்து வந்ததாக இருக்கலாம். இருவரில் ஒருவரது முந்திய திருமணத்திலிருந்தும் வந்திருக்கலாம். இந்த நிலையில் மனைவியின் பக்கம் மட்டும் விரல் நீட்டுவது அநியாயம்.

மருவுக்கு வைத்தியம் உண்டு. மருந்து பூசியோ, உறையவைத்தோ, சுட்டோ அகற்றுவார்கள். சிலருக்குத் திரும்பவும் வரும், பயப்படாமல் மறுபடி காட்ட வேண்டும். கைமருவுக்கு விற்கும் அமில மருந்தை அந்த இடத்தில் பூசிப் புண்ணாக்கிக் கொள்ளாதீர்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், சில மருந்துகள் அந்நேரம் கூடாது. அரச ஆஸ்பத்திரிகளின் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம், விபரம் வெளியே போகாது. கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். மரு ஆறும்வரை உறவைத் தவிர்ப்பது நல்லது.

இனி ஊசி பற்றி. 2017 முதல் எமது நாட்டில் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். அது 16, 18 வகைகளைத் தடுக்கிறது. நான்கு வகைகளுக்கான ஊசி என்றால் 6, 11ஐயும் தடுக்கும்.

"எங்கட புள்ள ஒழுக்கமான புள்ள மிஸ், இது என்னத்துக்கு?" என்று தாய்மார் கேட்கிறார்கள். ஒழுக்கமான பிள்ளைதான், நாளைக்கு அவளும் ஒருவருக்கு மனைவியாவாள். மாப்பிள்ளையின் தொழிலை, குடும்பத்தை எல்லாம் விசாரிக்கிறோம், அவரது தோலில் என்ன இருக்கிறது என்று யார் விசாரிப்பது? தொற்றிய பின் இந்த ஊசி அதைக் குணமாக்காது. அதனால்தான் இவ்வளவு சிறு வயதில் போடுகிறார்கள்.

"பிள்ளைப்பேறு இல்லாமற் போகுமாமே" என்பது இன்னொரு கதை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் உணவில் மலட்டு மருந்து கலப்பதாகக் கதை கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிய வந்தது. அந்தக் கதையால் அடிபட்ட நாமே அதே கதையை ஊசிக்கும் நம்பலாமா? மலேசியாவில் 2010 முதல் பாடசாலை மாணவிகளுக்கு இதைப் போடுகிறார்கள்.

ஊசி போடாத எங்கள் வயதுக்காரருக்கு 'பப்' பரிசோதனை இருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகச் செய்வார்கள். ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை என்பதால், இன்று ஊசி போடும் பிள்ளைகளும் பெரியவர்களானதும் இதைச் செய்யத்தான் வேண்டும். ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சமென்றால், பெண்கள் பரிசோதிக்கும் நாளை உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டு வையுங்கள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துப் போங்கள்.