வாயிற்காவலனும் துபாஷியும்



புதுச்சேரி அரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் பழைய மாளிகையைக் கண்டிருப்பீர்கள். ஆளுநர் துய்ப்ளெக்ஸ் காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் அவர். பிரெஞ்சுக்காரர் உள்ளூராருடன் பேச வேண்டியதை அவர் வாயிலாகப் பேசினர். 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் நாட்குறிப்பாக எழுதி வைத்தார். அந்நாளில் நகரைச் சுற்றி மதிலும், மதிலில் வாயில்களும் இருந்தன.

அலுவலகக் கணிப்பொறிகளை இணையத்துடன் இணைப்போர், "ஃபயர்வால் வேண்டுமா, பிராக்ஸி சர்வர் வேண்டுமா?" என்று வினவுகின்றனர். முன்னது வாயிற்காவலன், பின்னது துபாஷி.

வந்துபோகும் தரவு எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, எவ்வழியே நுழைகிறது என்று நோக்கி, விதிப்படி விடுவதும் தடுப்பதும் ஃபயர்வாலின் பணி. பிராக்ஸியோ ஊழியரின் வேண்டுகோளைத் தானே பெற்று, தன் பெயரில் வெளியே கேட்டு, விடையைக் கொணர்ந்து தரும். வெளியுலகம் துபாஷியை மட்டுமே காணும். எவர், எப்போது, எத்தளத்தை நாடினார் என்பது அதன் பதிவேட்டில் நிற்கும்.

தொலைபேசி வழியே இணையம் மெல்ல ஊர்ந்த நாளில், ஒருமுறை வந்த பக்கத்தைச் சேமித்துப் பிறருக்கும் வழங்கியது பிராக்ஸியின் பெருஞ்சிறப்பு. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் பெற்று வருவதால் அப்பயன் குறைந்தது. பதிவேட்டின் பயன் வளர்ந்தது. 2022 ஏப்ரலில் மைய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் தம் கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும். தாக்குதல் நேர்ந்தால், அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, சிறு அலுவலகத்திற்கும் முதல் தேவை ஃபயர்வால். ஊழியர் பலராகி, எவர் எத்தளத்தை நாடலாம் என வகுக்க நேரும்போது பிராக்ஸியையும் சேருங்கள். பதிவு செய்யப்படுவதை ஊழியரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள், அதுவே நேர்மை.

இரண்டும் இருந்தால் அச்சமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிருவாகப் பணிக்கென இணையத்தில் இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில் தீநிரல் புகுந்தது. முக்கிய உள்வலை தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும், நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அணுமின் கழகம் அறிவித்தது.

நமக்கும் அதுவே பாடம். கணக்குகளும் வாடிக்கையாளர் விவரங்களும் உள்ள கணிப்பொறியை, அனைவரும் உலவும் இணைப்பிலிருந்து பிரித்து வையுங்கள். எதை வாங்குவது என்பதை அதன் பின்னர் எண்ணலாம்; எதைக் காப்பது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள்.