சேரி இல்லாத ராஜ்யம்



பகலில் கல்லூரி, ராத்திரி பனியன் கம்பெனியில் செக்கிங். அப்படிப்பட்ட மாணவர் ஒருவர், தான் எழுதிய மாயக்கதையை நான் வேலை பார்க்கும் வங்கிக் கவுண்டரிலேயே நீட்டினார். பறக்கும் குதிரை, பேசும் வாள், சோழர் சாயலில் ஒரு ராஜ்யம். தெரு மட்டும் ஒன்றே ஒன்று: ராஜவீதி.

“சேரி எங்க தம்பி?” என்றேன்.

“கதையிலயாவது அது இல்லாம இருக்கட்டும்னுதானுங்ணா.”

என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. நியாயமான ஆசைதான். ஆனால் சேரியே இல்லாத உலகம் வேறு, சேரியை மறைத்த உலகம் வேறு.

அவர் அந்த ராஜ்யத்தைப் படித்த சரித்திர நாவல்களிலிருந்து எடுத்திருக்கிறார். கல்லில் இருப்பதோ வேறு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டு, கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரியில்லா நிலங்களைக் கணக்கெடுக்கும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாகச் சொல்கிறது. ஆயிரம் வருஷமாக வெயிலில் நிற்கிற சாட்சி. தேடாத கற்பனை சுதந்திரமான கற்பனை அல்ல. அடுத்தவன் கற்பனையின் நகல்.

அமெரிக்கக் கறுப்பினப் படைப்பாளி ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’ (1979) நாவலில், 1976இல் வாழும் ஒரு கறுப்பினப் பெண் அடிமைக் காலத்துக்கு இழுக்கப்படுகிறாள். எப்படி என்பதற்கு விளக்கமே கிடையாது, சுத்தமான மாயம். அதை எழுதத்தான் பட்லர் மேரிலாந்து போய்ப் பார்த்தார். அடிமைகளாயிருந்தவர்கள் எழுதிவைத்த வாழ்க்கைகளை வாசித்தார். மாயம் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் விசாரித்தது. அதனால்தான் சாட்டையடி நம் முதுகிலும் விழுகிறது.

நொய்யல் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதையும், 2011இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதையும் பார்த்த ஊர் இது. உங்கள் ராணியின் பட்டுக்கும் யாரோ சாயம் ஏற்றியிருப்பார்கள். அவர் கை என்ன நிறம்? அந்தத் தண்ணி யார் கிணற்றில் இறங்கியது? பறக்கிற குதிரையும் ஒருநாள் செத்து விழுமே, அதை யார் தூக்கினார்கள்?

கல்வெட்டைப் படியுங்கள். பட்டறையில் போய் நில்லுங்கள். வீட்டில் கிழவிகளிடம் கேளுங்கள். அப்புறம் சேரியில்லாத ராஜ்யத்தையும் எழுதுங்கள். ஆனால் அதை யார், எப்படி ஒழித்தார்கள் என்பதுதான் அங்கே கதை.

அந்த மாணவர் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த இதழில் அவருக்குப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.