பனியில் பதிந்த கணக்கு

ஒரு நாட்டின் வளர்ச்சியை அளவிட உற்பத்தி, ஏற்றுமதி, வரி வருவாய் ஆகியவற்றின் புள்ளிவிவரங்களைப் பார்க்கிறோம். அந்த வளர்ச்சிக்காகக் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் கலக்கவிட்ட நச்சுப்பொருள்களுக்கு அந்தக் கணக்கேட்டில் இடமில்லை. விடுபட்ட அந்தப் பக்கத்தைத் துருவப் பனி பத்திரமாக வைத்திருக்கிறது.

கிரீன்லாந்து, அண்டார்க்டிகா ஆகியவற்றின் உட்பகுதிகளில் பெய்யும் பனி ஆண்டுதோறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகுகிறது. காற்றில் மிதந்துவரும் உலோகத் துகள்களும் அந்தந்த ஆண்டின் அடுக்கிலேயே சிறைப்படுகின்றன. ஆழமாகத் துளையிட்டு எடுக்கப்படும் பனித்தூண்களைச் சிறிது சிறிதாக உருக்கி, அந்த நீரை ஆய்வுக் கருவியில் செலுத்தினால், லட்சம் கோடியில் ஒரு பங்கு என்கிற அளவில் கலந்திருக்கும் காரீயத்தைக்கூட அளந்துவிட முடியும்.

ரோமானியப் பேரரசு எழுந்து வீழ்ந்ததை வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால், அதன் ஆண்டு உற்பத்தி குறித்த புள்ளிவிவரம் எதுவும் நம்மிடம் இல்லை. அந்தக் குறையைப் பனி ஓரளவு போக்குகிறது. ரோமானியர்களின் நாணயத்துக்கு வேண்டிய வெள்ளி, ஈயக் கனிமத்தை உருக்கியே பெறப்பட்டது. உருக்கு உலைகளின் புகை வடதுருவம் வரை சென்றது. கி.மு. 1100 முதல் கி.பி. 800 வரையிலான கிரீன்லாந்துப் பனியை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அமைதிக் காலங்களில் ஈயத்தின் அளவு உயர்ந்ததும், போர்களின்போதும் கொள்ளைநோய்களின்போதும் சரிந்ததும் தெரியவந்தது. கி.பி. 165-இல் தொடங்கிய அன்டோனைன் கொள்ளைநோய்க்குப் பிறகு, பல நூற்றாண்டுகளுக்கு அது பழைய அளவை எட்டவில்லை.

தென்துருவத்தின் சான்று இன்னும் வியப்பானது. 1911 டிசம்பரில் அமுண்ட்சென் தென்துருவத்தை அடைந்தார். அதற்கு ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு முன்பே, 1889 வாக்கில், தொழிற்சாலை ஈயம் அண்டார்க்டிகாவை எட்டிவிட்டது. ஒவ்வொரு சுரங்கத்தின் ஈயத்துக்கும் அதற்கே உரிய ஐசோடோப்பு விகிதம் உண்டு. அதைக்கொண்டு, அந்த மாசு ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கக் கனிமத்திலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மனிதன் கால்பதிக்கும் முன்பே அவனது மாசு அங்கே குடியேறிவிட்டது!

ஒரு தொழிலால் மூன்றாவது மனிதருக்கு நேரும் இழப்பு சந்தை விலையில் சேர்வதில்லை என்பதை 1920-ஆம் ஆண்டு தமது நூலில் விரிவாக விளக்கினார் பொருளாதார அறிஞர் பிகு. மூன்றே ஆண்டுகளில், 1923-இல், ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. என்ஜின் சீராக ஓடியதன் பலன் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கிடைத்தது. நச்சுக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு யாரும் ஈடு தரவில்லை.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று கணித்த அந்த அறிஞர், அந்தப் பணியின்போதே எங்கும் ஈயம் கலந்திருப்பதைக் கண்டார். கிரீன்லாந்துப் பனியில் ஈயம் பன்மடங்கு பெருகியிருப்பதை அவரும் சக ஆய்வாளர்களும் 1969-இல் நிறுவினர். அவருக்குக் கிடைத்த பரிசு, புறக்கணிப்பு. காற்றிலுள்ள ஈயம் குறித்து ஆராய 1971-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த குழுவில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை.

ஆயினும் உண்மையை நெடுநாள் மறைக்க முடியவில்லை. 1970-களில் அமெரிக்கா பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. 1960-களின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 20 ஆண்டுகளில் கிரீன்லாந்துப் பனியில் ஈயத்தின் அளவு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதாக 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது. சட்டத்தால் ஆவதொன்றில்லை என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. ஆனால், அந்தச் சட்டம் எல்லா நாடுகளையும் எட்ட அரை நூற்றாண்டு ஆனது. இந்தியா 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோலைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல்தான் கைவிட்டது.

இத்துடன் கணக்கு தீர்ந்துவிடவில்லை. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின், அதாவது 80 கோடிப் பேர் வரையிலானோரின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக 2020-ஆம் ஆண்டு யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. பழைய வாகன பேட்டரிகளை உடைத்து, பாதுகாப்பின்றி ஈயத்தை உருக்கும் பட்டறைகள் இதற்கு முக்கியக் காரணம். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் இந்த இழப்பு எந்த நாட்டின் உற்பத்திக் கணக்கிலும் கழிக்கப்படுவதில்லை.

பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் ஒப்படைக்கும் விதிகளை இந்தியா 2022-இல் கொண்டுவந்தது. விலையில் சேராத செலவை விலையில் சேர்க்கும் சரியான வழி இதுவே. ஆனால், முறைசாராப் பட்டறை கூடுதல் விலை தரும் வரை பழைய பேட்டரி அங்கேதான் போய்ச் சேரும். அந்த விலை வேறுபாட்டைப் போக்காமல், கண்காணிப்பால் மட்டும் விதிகளை நிலைநாட்டிவிட முடியாது.

துருவப் பனியில் ஈயம் குறைந்தது தானாக நிகழ்ந்ததல்ல. அரசுகள் முடிவெடுத்ததால் நிகழ்ந்தது. பனியில் குறைந்த ஈயம் குழந்தைகளின் ரத்தத்திலும் குறைய வேண்டுமானால், அதே துணிவு உருக்குப் பட்டறைகளின் வாசலிலும் வெளிப்பட வேண்டும்.