தொய்வும் ஆடாதோடையும்: எதை நம்புவது?

2022 இல் மருந்துக்கடைகள் "இல்லை" என்று கைவிரித்த மாதங்களில், எங்கள் ஒழுங்கையில் தொய்வு வருத்தக்காரர் இருந்த வீடுகளில் எல்லாம் ஆடாதோடை இலை அவியத் தொடங்கியது. வேலியில் நின்ற செடி மொட்டையாகியது. டொலர் இல்லாத நாட்டில் பம்புக்கு எங்கே போவது?

இதை அறியாமை என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் வரலாற்றை வாசிக்கவில்லை. 1990களில் வடக்கின் மீது இருந்த பொருளாதாரத் தடை மருந்தையும் விட்டுவைக்கவில்லை. 2008 செப்டெம்பரில் சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பம்ப் வராத இடத்தில் பரியாரியார் இருந்தார். பிறகு 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் விவகாரம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல கைதானார். அரச மருந்தில் நம்பிக்கை குறைந்ததற்கு மக்களிடம் காரணம் இருக்கிறது.

ஆனால் ஒரு மருந்தின் மீது நம்பிக்கை போனால் இன்னொரு மருந்து வேலை செய்யும் என்று ஆகிவிடாது.

"குடிச்சேன், குறைஞ்சுது" என்பதுதான் நாங்கள் வழக்கமாகக் காட்டும் ஆதாரம். அது எவ்வளவு பெறுமதியானது என்பதை 2011 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. தொய்வு உள்ளவர்களுக்கு வெவ்வேறு நாட்களில் மாறி மாறி சல்பியூட்டமோல் பம்ப், மருந்தே இல்லாத பொய் பம்ப், பொய்யான அக்குபங்சர் ஆகியவற்றைக் கொடுத்தார்கள். சில நாட்களில் ஒன்றும் கொடுக்காமல் இருக்க விட்டார்கள். எவ்வளவு குறைந்தது என்று கேட்டபோது உண்மைப் பம்புக்கு 50 வீத முன்னேற்றம், பொய் பம்புக்கு 45, பொய் அக்குபங்சருக்கு 46 என்றார்கள். ஒன்றும் இல்லாத நாளுக்கு 21. அதாவது பொய்யும் மெய்யும் நோயாளியின் வாயில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஊதவிட்டு நுரையீரலை அளந்தபோது, உண்மைப் பம்பில் மூச்சின் அளவு 20 வீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும் ஏறத்தாழ 7 வீதம்தான். பொய் மருந்துக்கும் சும்மா இருப்பதற்கும் வித்தியாசமே இல்லை.

அந்த நோயாளிகள் பொய் சொல்லவில்லை. ஒருவர் கவனித்து எதையோ தந்தபோது அவர்களுக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. சுவாசக் குழாய் மட்டும் சுருங்கியபடியே இருந்தது. தொய்வில் ஆபத்து இதுதான்: குறைந்துவிட்டது என்று நினைத்துப் படுப்பவருக்கு விடியப்புறம் மூச்சு அடைக்கும்.

அதற்காக எங்கள் மூலிகைகள் எல்லாம் வெறும் பச்சைத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. ஆடாதோடையில் உள்ள வாசிசினில் இருந்து பிறந்ததுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின். அது சளிக்கான மருந்து, சுருங்கிய குழாயை விரிக்கும் மருந்து அல்ல. ஊமத்தைப் புகையைத் தொய்வுக்குப் பிடிக்கும் வழக்கம் 1802 அளவில் சென்னையில் இருந்துதான் பிரித்தானியாவுக்குப் போனது. அது குழாயை விரிக்கும், ஆனால் நஞ்சு. அதன் வழியில் வந்த இப்ராட்ரோபியம் இன்று நெபுலைசரில் அளவோடு போடப்படுகிறது.

நஞ்சறுப்பான் இலையின் கதை இன்னும் பயனுள்ளது. 1960களின் கடைசியில் டில்லியில் நடந்த ஆய்வுகளில், சில நாள் மென்றவர்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. ஆனால் வாய் எரிவும் குமட்டலும் வந்ததால், தனக்குக் கிடைத்தது மெய்யான இலைதான் என்று நோயாளியே ஊகிக்கக்கூடியதாக இருந்தது. 1979 இல் இந்தியாவிலேயே வெளியான இரட்டை மறைப்பு ஆய்வில் பொய் மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. சோதித்தவர்களும் அந்த மண்ணின் மருத்துவர்கள்தான். இது மேற்கு, கிழக்குச் சண்டை அல்ல.

மாற்று முறைகளில் எங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது மூச்சுப் பயிற்சி. 2018 இல் பிரித்தானியாவில் 655 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பயிற்சி எடுத்தவர்களின் அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. நுரையீரல் அளவு மாறவில்லை. எனவே பம்பை நிறுத்த முடியாது, ஆனால் பயத்தோடு மூச்சு வாங்குவது குறையும். நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் தூசும் புகையும் சுவாசித்தவர்களிடம் தொய்வும் மனவடுவும் சேர்ந்தே காணப்பட்டன. முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நள்ளிரவில் நெஞ்சு அடைக்கும்போது அது முட்டா, பழைய பயமா என்று பிரித்துச் சொல்ல எத்தனை கிளினிக்கில் நேரம் இருக்கிறது?

வருத்தத்தை மாற்றித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பெயரில்லாத தூள்கள் வேறு விடயம். இப்படியானவற்றில் ஸ்ரெரொய்ட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. மூன்று நாளில் மந்திரம் போலக் குறைந்தால் சந்தேகப்படுங்கள். இயற்கையானது என்று வாங்கும் ரொயல் ஜெலி ஒவ்வாமை உள்ளவருக்குக் கடுமையான தாக்கத்தைத் தரலாம். அரசாங்கத்தைப் பார்த்து நடக்கவும் முடியாது: 2020 இல் கேகாலைப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்த சுகாதார அமைச்சருக்கு அடுத்த மாதமே கொரோனா உறுதியானது.

பம்ப் பாவிப்பவர்களும் பிழை விடுகிறோம். முட்டு வரும்போது மட்டும் நீலப் பம்பை அடிப்பதை 2019 இல் இருந்து உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டல் ஏற்பதில்லை. அழற்சியைக் குறைக்கும் உள்ளிழுக்கும் ஸ்ரெரொய்ட், எங்கள் பக்கம் மண்ணிறப் பம்ப், சிகிச்சையில் இருக்க வேண்டும். கசாயம் குடிப்பதென்றால் குடியுங்கள். அதற்காக இதை நிறுத்தாதீர்கள், குடிப்பதை வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம்.

யாழ். பல்கலைக்கழகம் கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. பீக் புளோ மீற்றர் என்பது கைக்கடக்கமான பிளாஸ்ரிக் குழாய், மின்சாரமும் தேவையில்லை. சித்த வைத்தியசாலைக்கு வரும் தொய்வு நோயாளியை, பம்பை நிறுத்தாமல், குடிநீர் தொடங்க முன்னும் ஒரு மாதம் கழித்தும் அதில் ஊதவிட்டு எழுதிவைக்கலாம். குடிநீர் குடிக்காதவர்களையும் அதேபோல அளந்து ஒப்பிட வேண்டும்.