முதலில் பட்டிக்குக் கூரை, பிறகுதான் சுற்றுலா

மேற்கூரை இல்லாத பட்டிக்குள் பனிச்சிறுத்தை குதித்துவிட்டால் ஒரு ஆட்டோடு நிற்பதில்லை. தப்ப வழியின்றி ஆடுகள் மிரண்டு முட்டிமோத, ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துப் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் மந்தையில் பாதிக்கு மேல் போன சம்பவங்கள் லடாக்கில் உண்டு. விடிந்து பார்க்கும் ஆட்டுக்காரர் கல்லையும் தடியையும் எடுத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது? ஆடு வளர்க்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே லடாக்கில், லே நகரை அடுத்த ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்கு இன்று ஜனவரி முதல் மார்ச் வரை வெளிநாட்டினரும் நம் நாட்டினரும் அந்த விலங்கைப் பார்க்கவே வருகிறார்கள். 1981-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். உள்ளேயே ரும்பக் போன்ற கிராமங்கள் இருக்கின்றன. பார்லியும் பட்டாணியும் விளைகின்றன. ஆடு, செம்மறி, யாக் மேய்கின்றன.

குளிரில் ஏன் போகிறார்கள்? மேலே பனி மூடியதும், நம் வரையாட்டைப் போலப் பாறைகளில் தாவும் நீலச் செம்மறிகள் மேய்ச்சல் தேடிக் கீழே இறங்கும். இரையைத் தொடர்ந்து பனிச்சிறுத்தையும் இறங்கும். அதன் இணைசேரும் பருவமும் அதுவே. விடியற்காலையில், பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில், உள்ளூர் வழிகாட்டி மலைமுகட்டைத் தொலைநோக்கியால் அங்குலம் அங்குலமாகத் துழாவுவார். பனியில் கால்தடம், பாறையில் சிறுநீர் வாடை, நீலச் செம்மறிகள் எல்லாம் ஒரே திசையில் வெறித்து நிற்பது ஆகியவைதான் அவருக்குத் துப்பு. இது மேய்ச்சலில் படித்த படிப்பு. ஆட்டைப் பறிகொடுக்காமல் இருக்கக் கற்ற வித்தைக்கு இப்போது கூலி கிடைக்கிறது.

இதைச் சொல்லும்போது பலரும் 'சுற்றுலா வந்தது, சிறுத்தை பிழைத்தது' என்று முடித்துவிடுகிறார்கள். நடந்த வரிசை அப்படியல்ல. ரின்சென் வாங்சுக் என்ற லடாக்கியரும் அவரது தொண்டு அமைப்பினரும் 2000-ஆம் ஆண்டையொட்டி ஊர்களில் உட்கார்ந்து பேசியபோது, முதலில் எடுத்த வேலை பட்டி. கல்லும் உழைப்பும் ஊரார் தந்தது; கம்பிவலை, கட்டை, இறுக மூடும் கதவு அமைப்பு தந்தது. மேலே வலை வேய்ந்த பட்டிக்குள் இரவுச் சேதம் நின்றது. பகல் மேய்ச்சலில் இழப்பு இன்றும் உண்டு.

அதன் பிறகே வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் திட்டம். வருகிறவர் எந்த வீட்டில் தங்குவது என்பதை முறைவைத்து ஒதுக்கினார்கள். பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கைக்கு வருகிறது. ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்கு. விருந்தினர் பயன்படுத்தும் உலர் கழிப்பறையின் எரு, மக்கிய பின் பார்லி வயலுக்குப் போகிறது. (நம் ஊர் விடுதிக்காரர்கள் காதில் இது விழுமா தெரியவில்லை.)

எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று எழுத எனக்கு மனமில்லை. ஒரு பனிச்சிறுத்தை தென்பட்டால் கூட்டம் முழுக்க அங்கே குவிகிறது. வருமானத்தில் பெரும்பகுதி நகரத்து ஏற்பாட்டாளர்களிடமே தங்குகிறது. விருந்தினர் எட்டிப்பார்க்காத பள்ளத்தாக்குகளிலும் ஆடுகள் சாகின்றன. ஓநாயைப் பார்க்கப் பணம் கட்டுகிறவர் குறைவு; அதுவும் ஆட்டைத் தின்கிறது. 2024-இல் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில்தான். இத்தனைக்கும் தீனியில் ஒரு பங்கை மேய்ப்பவர்தான் போடுகிறார்.

இதை அப்படியே நம் மலையடிவாரத்துக்குக் கொண்டுவர முடியாது. பனிச்சிறுத்தை மனிதரைத் தாக்குவது அரிது. எதிர்ச்சரிவில் நின்று பார்க்கலாம். முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ யானை உலவும் புதருக்குள் விருந்தினரை நடத்திக் கூட்டிப்போவது உயிரோடு விளையாடுவது.

ஆனால் பட்டிக்குக் கூரை போடலாம். கால்நடை மருத்துவரின் சான்று, வனத்துறையின் நேரில் பார்வை, பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு என்று ஆடு செத்த பின் அலைவதைவிட, சாகாமல் காக்கும் செலவு குறைவு. விரிவாக்கப் பணியாளர்களே, காட்டோர ஊர்களுக்குப் போகும்போது ஆட்டுக்கொட்டகைத் திட்டத்தின் வரைபடத்தில் மேலே கம்பிவலையும் இறுகிய கதவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

காட்டோர விவசாயிகளே, அடுத்த கிராம சபையில் ஒரு கேள்வியை வையுங்கள்: நம் காட்டைப் பார்க்க வருகிறவர் கட்டும் பணத்தில், ஆடு இழந்த வீட்டுக்கு எத்தனை ரூபாய் வருகிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள்.