பாயும் கார் இரண்டு! ஜெயிப்பது எது?

நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டிப் பிடிக்க ஒரு காருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு கார் 2.8 வினாடியில் எட்டிவிடுகிறது. இன்னொரு காருக்கு 3.4 வினாடி தேவை. இரண்டும் ஜெர்மனியில் உள்ள போர்ஷே கம்பெனியின் கார்கள். இந்த அளவுகளும் அந்தக் கம்பெனி சொன்னவையே.

முதல் கார் 2019-ம் ஆண்டு வெளிவந்த "டைகான் டர்போ எஸ்". இது மின்சாரத்தில் ஓடுவது. இரண்டாவது கார் 2021-ம் ஆண்டு வந்த "911 ஜி.டி.3". இது பெட்ரோலில் ஓடுவது. 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது அல்லவா? அந்தப் பந்தயக் கார், இந்த 911 ஜி.டி.3 காரின் உடன்பிறப்புதான்!

கல் விழும் வேகம்

2.8 வினாடி என்றால் எவ்வளவு வேகம்? உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கீழே போட்டால், 2.8 வினாடியில் அதுவும் ஏறக்குறைய மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைப் பெற்றுவிடும். கல் கீழ்நோக்கி விழுவதுபோல, இந்தக் கார் தரையில் முன்னோக்கிப் பாய்கிறது!

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் அரசு பஸ் டிப்போ இருக்கிறது. அதன் வாசலிலிருந்து இந்தக் கார் புறப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கிளம்பும் பஸ் முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறுவதற்குள், கார் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும். பெட்ரோல் கார் அந்த வேகத்துக்கு வரும்போது, மின்சாரக் கார் சுமார் இரண்டு கார் நீளம் முன்னால் போயிருக்கும்.

இத்தனைக்கும் மின்சாரக் கார்தான் கனமானது. அதன் எடை 2,295 கிலோ. பெட்ரோல் காரின் எடை 1,435 கிலோ. குண்டு ஆள் எப்படி ஒல்லி ஆளை முந்துகிறான்?

பம்புசெட் ரகசியம்

விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். வயலில் ஆயில் எஞ்சின் வைத்திருந்தவர்கள் அதைச் சுற்றிவிட்டு, அது சூடு பிடித்து வேகம் எடுக்கும்வரை காத்திருந்தார்கள். கரண்ட் மோட்டார் வந்தது. சுவிட்சைத் தட்டினார்கள், தண்ணீர் கொட்டியது!

கார்களிலும் இதே கதைதான். பெட்ரோல் காருக்கு 510 குதிரை சக்தி உண்டு. ஆனால், அந்த முழுச் சக்தியும் எஞ்சின் நிமிடத்துக்கு 8,400 தடவை சுற்றும்போதுதான் கிடைக்கும். அதுவரை கியர் மாற்றி மாற்றி ஏற வேண்டும். மின்சார மோட்டாரோ முதல் சுற்றிலேயே பலமாக இழுக்கும். புறப்படும் நேரத்தில் அதன் சக்தி 761 குதிரை சக்தி வரை போகும். நான்கு சக்கரங்களும் சேர்ந்து தள்ளுகின்றன. பெட்ரோல் காரில் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே அந்த வேலை.

நீண்ட பாதையில் யார்?

அப்படியானால் மின்சாரக் காருக்கே வெற்றியா? பொறுங்கள்! பாதை நீண்டுகொண்டே போனால் கதை மாறிவிடும். மின்சாரக் காரின் உச்ச வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர். அதோடு அது நின்றுவிடும். பெட்ரோல் கார் 318 கிலோமீட்டர் வரை போகும். ஆகவே, குறுகிய பாதையில் மின்சாரக் கார். மிக நீண்ட நேர் பாதையில் பெட்ரோல் கார்.

2024-ல் வந்த புதிய டைகான் டர்போ எஸ் 2.4 வினாடியிலேயே 100-ஐத் தொடுகிறது. கிளம்பும் வேகத்தில் மின்சாரத்தின் கை ஓங்கிக்கொண்டே போகிறது.

நம் வீட்டுக்கும் வருகிறது

"கோடீசுவரர்களின் கார் நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஹூண்டாய் தொழிற்சாலையில் செய்யப்படும் கிரெட்டா மின்சாரக் கார் 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. குடும்பத்தோடு போகிற கார் அது. அதில் ஒரு ரகம் 7.9 வினாடியில் 100-ஐத் தொடும் என்கிறது கம்பெனி. ஒரு காலத்தில் பந்தயக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வேகம், இன்று மளிகைச் சாமான் வாங்கப் போகும் காரில் வந்துவிட்டது. சத்தமும் இல்லை. காலை லேசாக அழுத்தினாலே போதும்.

கிளம்புவது எளிதாகிவிட்டது. நிற்பது எளிதாகிவிட்டதா? அதுதான் கேள்வி!

நிற்பதற்கு எத்தனை மீட்டர்?

எதிரே ஆபத்தைக் கண்டு, பிரேக்கில் கால் வைக்க மனிதனுக்குச் சுமார் ஒரு வினாடி ஆகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அந்த ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 10 மீட்டர். மொத்தம் 24 மீட்டர்.

வேகம் 100 ஆனால்? முதலில் 28 மீட்டர்; பிறகு சுமார் 40 மீட்டர். மொத்தம் 68 மீட்டர்! வேகம் இரண்டு மடங்கு. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ நான்கு மடங்கு. மழையில் இன்னும் அதிகம். கார் கனமாக இருந்தால் பிரேக் அடக்க வேண்டிய சக்தியும் அந்த அளவுக்குக் கூடும்.

ஓரிக்கையிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி உத்திரமேரூர் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். லாரி வரும்; டிராக்டர் திரும்பும்; ஆடு மாடு குறுக்கே வரும்; பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். அங்கே 68 மீட்டர் யார் விட்டு வைப்பார்கள்?

காஞ்சியை விட்டுப் புறப்பட்ட பெருமாள் ஓர் இரவு தங்கியதால் "ஓர் இரவு இருக்கை" என்பதே ஓரிக்கை ஆயிற்று என்று சொல்வார்கள். நின்றதால் பெயர் பெற்ற ஊர்!

பந்தயத்துக்கு இடம் உண்டு

வேகத்தில் ஆசை தவறல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த சோழவரம் விமான ஓடுபாதையில் 1950-களிலேயே கார் பந்தயம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை திறக்கப்பட்டது. சுற்றளவு சுமார் 3.7 கிலோமீட்டர். அங்கே எதிரில் வண்டி வராது. தலைக்கவசம் உண்டு, டாக்டர் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு.

பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் விட்டால், 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மறுபடி செய்தால் சிறை ஓர் ஆண்டு வரை போகும். 18 வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் காத்திருக்கின்றன.

புதுக் கார் வாங்கப் போகும் குடும்பங்கள், "எத்தனை வினாடியில் 100?" என்று கேட்பதோடு விட்டுவிடக் கூடாது. "எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்றும் கேட்க வேண்டும். சாவியைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.