குவாய் நதிப் பாலமும் நம்மவரும்

காப்பியம் கற்பிக்கும் தமிழாசிரியன் திரைப்படத்தைப் பற்றி எழுதலாகாது என்போர் நம்மிடையே இன்னும் உளர். அவர்களோடு வாதிட யாம் விரும்புகிலோம். நம் மாணவர் ஒரு நூலைப் படித்து முடிக்குமுன் பத்துப் படங்களைப் பார்த்து முடிக்கின்றனர். அவர்கள் பார்ப்பதை ஆசிரியரும் பார்த்து, அதன் நிறையையும் குறையையும் எடுத்துக் கூறுதல் கற்பித்தலின் பாற்பட்டதே என்பது எம் கருத்து. இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவ அன்பர்கள் பணித்தபோது, ஒரு யுத்தப் படத்தையே பொருளாகக் கொள்ளத் துணிந்தமைக்கு இதுவே காரணம். அதற்கும் நம் நாட்டிற்கும் நெருங்கிய உறவுண்டு. தமிழினத்தோடு இருக்க வேண்டிய உறவோ அதில் அறுந்து கிடக்கின்றது.

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவி, டேவிட் லீன் என்னும் ஆங்கில நெறியாளர் 1957இல் ஆக்கிய ‘குவாய் நதிமீது பாலம்’ என்ற படத்தையே குறிப்பிடுகின்றோம். யப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படையினர், சீயக் காட்டிலே பகைவரின் புகையிரதத்துக்காகப் பாலமொன்று கட்டுமாறு ஏவப்படுகின்றனர். அவர்தம் தலைவர் நிக்கல்சன், அதிகாரிகள் கூலிவேலை செய்யார் என மறுத்து, வெயிலிற் காய்ந்த இரும்புக் கூண்டிலே நாட்கணக்காகக் கிடக்கிறார். இறுதியில் வெல்கிறார். வென்றவர், தம் வீரரின் திறமையை நிலைநாட்டும் பொருட்டு, பகைவன் கேட்டதினும் சிறந்த பாலத்தைத் தாமே முன்னின்று கட்டுகிறார். அதனைத் தகர்க்க வந்த தம் நாட்டவரையே தடுக்கவும் முற்படுகிறார்.

கம்பன் காட்டும் கும்பகருணன், அண்ணன் செய்தது பிழையென்று அறிந்தும் செஞ்சோற்றுக் கடன் கழிக்கப் போர்க்களம் புகுந்தான். தான் செய்வது இன்னதென்பது அவனுக்குத் தெரியும். நிக்கல்சனுக்கோ தெரியவில்லை. கடமை என்னும் நற்சொல், அதனை எவருக்காக ஆற்றுகின்றோம் என்ற நினைவு நீங்கியபோது எவ்வாறு நஞ்சாகின்றது என்பதை அலெக் கின்னஸ் தம் நடையாலும் நிமிர்ந்த தலையாலுமே காட்டிவிடுகிறார். சிறந்த படம், சிறந்த நெறியாளர், சிறந்த நடிகர் என்பன உட்பட ஏழு ஒஸ்கார் பரிசுகள் இதற்குக் கிடைத்தமை வியப்பன்று.

இப்படத்தின் பாலம் சீயத்திலன்று, இலங்கையிலே, களனி கங்கை பாயும் கித்துள்கலையிலே கட்டப்பட்டது. ஏறத்தாழ 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்ட அம்மரப்பாலத்தை எழுப்ப நம் நாட்டுத் தொழிலாளரும் யானைகளும் மாதக்கணக்கில் உழைத்தனர். 1957 மார்ச்சில், அப்போதைய பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா அவர்கள் பார்த்திருக்க, மெய்யான புகையிரதமொன்றோடு அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அடித்தளத்தின் எச்சங்களை இன்றும் ஆற்றங்கரையிற் காணலாம். (மூல நாவலிற் பாலம் தகர்வதில்லை. திரைப்படத்தார்க்கு வெடியோசை இன்றியமையாதது போலும்!)

உண்மை வரலாறு வேறு. யப்பானியர் சீயத்தையும் பர்மாவையும் இணைக்க 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்த அப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீற்றர் நீளமானது. பாலங்களும் பல. பெயர்பெற்ற பாலம் காஞ்சனபுரிக்கு அருகிலே, முதலில் மரத்தாலும் பின்னர் இரும்பாலும், இரண்டாகக் கட்டப்பட்டது. அங்கிருந்த ஆங்கிலத் தளபதி பிலிப் டூசி, நிக்கல்சனைப் போன்றவரல்லர். தம் வீரரின் உயிரைக் காத்துக்கொண்டே, சீமெந்தைக் கெடக் கலந்தும் மரத்திலே கறையானை விட்டும் வேலையைக் கெடுக்க இடங்கொடுத்தவர். ஆதலாலேயே அவரோடு சிறையிருந்தோர் பலர் இப்படத்தைக் கண்டு மனம் நொந்தனர். பாலத்தைக் குலைத்தவை 1945இல் விமானங்கள் வீசிய குண்டுகள். பின்னர் திருத்தப்பட்ட அப்பாலத்தின் மீது புகையிரதம் இன்றும் ஓடுகின்றது.

இன்னொரு விந்தையும் உண்டு. அப்பாலம் நின்றது குவாய் நதியின் மேலன்று; மேக்லொங் என்னும் ஆற்றின் மேல். புகையிரதப் பாதை நெடுந்தூரம் குவாயின் கரையோரமாகச் செல்வதால், பாலமும் அதன் மேலதே என நாவலாசிரியர் எண்ணிவிட்டார். படம் பார்த்த வெளிநாட்டார் குவாய்ப் பாலம் எங்கே என்று கேட்டு வந்து குவியவே, 1960இல் ஆற்றின் அப்பகுதிக்குக் ‘குவே யாய்’ என்று பெயரையே மாற்றிவிட்டனர். ஒரு கதை ஓர் ஆற்றின் பெயரை மாற்றவல்லது எனின், அக்கதை சொல்லாமல் விட்டதை உலகம் மறப்பதிலும் வியப்பில்லை.

அது சொல்லாமல் விட்டது யாது? பாதை அமைப்பில் ஈடுபட்ட வெள்ளையரான போர்க்கைதிகள் 60,000 பேரளவினர். இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ 2 இலட்சம் அளவினர் என்பர். அவருள் மாண்டவர் 80,000 என்றும் 90,000 என்றும், அதனினும் கூடுதலென்றும் கணக்குரைப்பர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாத வேலை என்று முதலில் ஆசை காட்டினர். பின்னர் ஆள் போதாமையால், இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கொட்டகைக் கதவைப் பூட்டி, வந்தவரை அப்படியே வண்டியேற்றியதும் உண்டென்பர். பெண்டு பிள்ளைகளோடு சென்றோரும் இருந்தனர். கைதிகளுக்குத் தம் அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், பெயர்ப் பதிவு இருந்தது. நம்மவர்க்கு ஒன்றுமில்லை. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது கூட்டங்கூட்டமாக மடிந்தனர். காஞ்சனபுரி யுத்த மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்காக நிற்கின்றன. தமிழனின் பெயர் பொறித்த கல்லறை அங்கே இல்லை. படத்திலோ அப்பாதையிற் கல் சுமக்கும் தமிழன் ஒருவனும் இல்லை.

கலைஞன் வரலாற்றாசிரியனல்லன்; ஒரு மனிதனின் செருக்கைச் சொல்ல வந்தவன் எல்லாரையும் காட்டக் கடமைப்பட்டவனல்லன் எனச் சிலர் விடையிறுப்பர். உண்மையே. லீன் அவர்கள்மீது எமக்கு வழக்கில்லை. ஆங்கிலேயர் தம் மக்களுக்காகத் தாம் அழுதனர். நம் மக்களுக்காக அழவேண்டியவர் நாமன்றோ? மலேசியத் தமிழர் அக்கடனை ஓரளவு தீர்த்துள்ளனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் அத்துயரைத் தமிழிலே பதிந்துள்ளன. எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னர் காஞ்சனபுரியிலே அம்மக்களுக்குத் தமிழரால் நடுகல்லொன்றும் எழுப்பப்பட்டுள்ளது. இலங்கையராகிய நாமோ, படப்பிடிப்பு நம் மண்ணில் நடந்தது என்ற பெருமையோடு நின்றுவிட்டோம். அம்மக்களைப் போலவே தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தோரின் வழிவந்தவர், கித்துள்கலையிலிருந்து மேலேறும் வீதியின் இருமருங்கும் இன்றும் கொழுந்து கொய்கின்றனர். அதனையும் எண்ணினோமில்லை.

யுத்தம் எங்கோ நடந்தது என்று நம் பிள்ளைகள் கருதுதலும் தவறு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தபோது 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அது நம் கரை. வரிப்பத்தான்சேனையைப் போன்ற வயற்புற ஊரிலே, வாய்க்காலுக்கு மேல் ஒரு சிறு பாலம் கட்டினாலும் திறந்துவைத்தவரின் பெயரைக் கல்லிற் பொறிப்பர். மண் சுமந்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை. கேட்கும் பழக்கத்தை வகுப்பறையிலன்றி வேறெங்கே தொடங்குவது?

எனவே, கல்லூரித் தமிழ் மன்றத்தார்க்கும் பழைய மாணவர்க்கும் எம் விண்ணப்பம் இது. இப்படத்தைக் கல்லூரி மண்டபத்தில் மேல்வகுப்பு மாணவருக்குக் காட்டுக. காட்டுமுன் ‘சயாம் மரண ரயில்’ நாவலின் பிரதிகள் சிலவற்றை வாங்கி நூல்நிலையத்தில் வைக்குக. ஆண்டுதோறும் சுற்றுலா செல்லும் வண்டி நுவரெலியாவிலிருந்து அற்றன் வழியாகக் கொழும்புக்கு இறங்குமாயின், கித்துள்கலையில் அரைமணி நேரம் நிற்கட்டும். பாலத்தின் அடித்தளத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். அங்கேயே, ஆற்றங்கரை மரநிழலில், அந்நாவலின் ஓர் அதிகாரத்தை மாணவர் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றையோர் கேட்கட்டும்.